பட்டறைக் கேள்வி பதில்: அம்பது கிரெய்னுக்கு எவ்வளவு ஆழம் துளைக்கணும்ங்ணா?

போன இதழ்ல துப்பாக்கி மருந்து அளக்குற பித்தளைக் குப்பி பத்தி நாலு வரி எழுதுனேன், அதுக்கு இத்தனை கடுதாசி வரும்னு நெனைக்கல. அதனால இந்த மாசம் மோட்டார் ரீவைண்டிங் கேள்விய எல்லாம் ஓரமா வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். மோட்டார்க்காரங்க கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: ஏனுங்ணா, கணபதியில சின்னதா லேத்து பட்டறை வெச்சிருக்கேன். எங்க மச்சான் பையன் அமெரிக்காவுல இருக்கான், அங்க முன்னாடி வழியா மருந்து கெட்டிக்கிற பழைய மாடல் துப்பாக்கிய வெச்சு போட்டிக்கு சுடுறது ஒரு பொழுதுபோக்காம். மருந்து அளக்க ஒரு பித்தளைக் கப் கடைஞ்சு தாட்டி விடு மாமான்னு கேக்கறான். படத்துல வெறும் 50 கிரெய்ன்னு போட்டிருக்குது. கிரெய்ன்னா எடைங்களே, எடைக்கு எப்படிங்ணா ஓட்டை போடுறது? – ஒரு வாசகர், கணபதி

பதில்: தம்பி, எல்லாரும் மொதல்ல தடுக்கி விழற எடம் இதுதான். கிரெய்ன்ங்கறது எடைதான், ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன், ஒரு கிராமுக்கு 15.4. நம்ம ஊர் கணக்குல சொன்னா 8 கிராம் பவுன் ஒண்ணு கிட்டத்தட்ட 123 கிரெய்ன் வரும், உங்க மச்சான் பையன் கேக்கற 50 கிரெய்ன் அரைப் பவுனுக்கும் கொஞ்சம் கம்மி, 3.24 கிராம். ஆனா கரிமருந்த, அதாவது இந்தப் பழைய மாடல் துப்பாக்கிக்குப் போடற கருப்பு வெடிமருந்த, யாரும் ஒவ்வொரு தடவையும் தராசுல நிறுத்துப் போடுறதில்லீங்க, கப்புல மொண்டுதான் போடுவாங்க. பேரு எடையோட பேரு, வேலை படி வேலை. நம்ம ஆத்தா காலத்துல அரிசிய ஆழாக்குல அளந்தாங்க, ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு, புது அரிசி போட்டா ஒரு எடை பழைய அரிசி போட்டா ஒரு எடை, ஆனாலும் அது ஆழாக்குதானே? அதே கதைதான் இது.

இப்போ ஓட்டைக்கு வருவோம். கரிமருந்த லேசா கொட்டி அளந்தா அதோட கனம் தண்ணியோட கனத்துக்கு ரொம்பத் தள்ளி இருக்காது, அதனால முதல் கணக்குக்கு தண்ணின்னே வெச்சுக்குங்க. 50 கிரெய்ன் = 3.24 கிராம் தண்ணி = 3.24 சிசி. 12 எம்எம் டிரில் போட்டா வட்டப் பரப்பு 1.13 சதுர சென்டிமீட்டர், வகுத்தா ஆழம் 28.6 எம்எம். முடிஞ்சுது கணக்கு.

முடியலைங்க. டிரில்லோட மூக்கு கூம்பா இருக்குதுல்ல, சாதா டிரில்னா 118 டிகிரி, 12 எம்எம் டிரில்லுக்கு அந்தக் கூம்பு மட்டும் 3.6 எம்எம் ஆழம் போகும், அதுக்குள்ள ரெண்டு கிரெய்ன் மருந்து ஒளிஞ்சுக்கும். நான் பட்டறையில சேந்த புதுசுல எண்ணெய் கம்பெனி ஒண்ணுக்கு அளவுக் குப்பி ஒரு டஜன் கடைஞ்சேன், முழு வட்டம் எங்க முடியுதோ அதுவரைக்கும்தான் ஆழம்னு எடுத்துக்கிட்டு கூம்ப மறந்துட்டேன். பன்னெண்டும் ஒரே மாதிரி தப்பு. மேஸ்திரி திட்டல, பன்னெண்டையும் வரிசையா என் சோத்துப் பொட்டிக்கு முன்னாடி அடுக்கி வெச்சுட்டு அவரு பாட்டுக்கு போயிட்டாரு, அது திட்டுனத விட மோசம். அதனால ஒண்ணு அடிய தட்டையா கடைஞ்சிருங்க, இல்ல கூம்பு வேணும்னா முழு வட்டத்த 27.4 எம்எம்மோட நிறுத்திக்குங்க.

வாய் ஓரத்துல உள்பக்கமா சாம்ஃபர், அதாவது சாய்வு வெட்டு, போடாதீங்க. பாக்க அழகா இருக்கும், ஆனா அதுவும் கொள்ளளவக் கூட்டிரும். பிசிறு எடுத்தா போதும், சாய்வு வேணும்னா வெளிப்பக்கமா போடுங்க. வாய் தட்டையா இருந்தாத்தான் மேல கட்டைய வெச்சு ஒரே இழுப்புல வழிக்க வரும்.

கடைசியா சோதனை. நகைக்கடைத் தராசு ஒண்ணு கடன் வாங்குங்க, காலிக் கப்ப வெச்சு சைபர் பண்ணிட்டு தண்ணி ஊத்துங்க, தண்ணி விளிம்புக்கு மேல குமிழியா நிக்கும், ஒரு கண்ணாடித் துண்ட மேல வெச்சு நகர்த்துனா சமமாயிரும், வெளிய ஒட்டுனத துடைச்சுட்டு நிறுங்க. 3.24 காட்டணும். 3.20 காட்டுனாலும் பரவால்லீங்க, தராசு எடை ஆகறதுக்காக இந்த கப் இல்ல. இன்னைக்கு மொண்டதும் நாளைக்கு மொண்டதும் பத்தாவது தடவை மொண்டதும் ஒண்ணா இருக்கணும், அதுக்குத்தான் இது. பையன் கிட்ட 50னு பொறிச்சுக் குடுத்தாலும், அவன் துப்பாக்கிக்கு எவ்வளவு மருந்து தேவைங்கறத துப்பாக்கி கம்பெனி குடுத்த புஸ்தகத்துல பாத்து அவன்தான் முடிவு பண்ணணும், அது நம்ம வேலை இல்ல.

கேள்வி: போன இதழ்ல 10 எம்எம் ஓட்டைக்கு 28 எம்எம் ஆழம்னு போட்டிருந்தீங்க. கணக்கு இடிக்குது. – ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: இடிக்கும். 12க்கான ஆழத்த 10க்கு எழுதித் தொலைச்சுட்டேன். 10 எம்எம்முக்கு 41 எம்எம் வேணும். அத நம்பி யாராச்சும் கடைஞ்சிருந்தா அந்த கப் 34 கிரெய்ன்தான் புடிக்கும், தூக்கிப் போடாம 34னு பொறிச்சு வெச்சுக்குங்க. மன்னிச்சுக்குங்க.

கேள்வி: அதே சாமான அகலமா குட்டையா டம்ளர் மாதிரி பண்ணுனா மொள்ள சுலபமா இருக்குமேங்க? – பாத்திரப் பட்டறைக்காரர், அனுப்பர்பாளையம்

பதில்: அனுப்பர்பாளையத்துல இருந்து இப்படித்தான் கேள்வி வரும்னு தெரியும், பித்தளையில குடமும் அண்டாவும் தட்டுற கைக்கு ஒல்லியா எதப் பாத்தாலும் புடிக்காது. ஆனா இங்க ஒல்லிதான் ராஜாங்க. வழிக்கும்போது கை தவறி ஒரு எம்எம் கூடவோ கொறையவோ நின்னா, 12 எம்எம் வாய்ல ரெண்டு கிரெய்னுக்குள்ளதான் தப்பு, 20 எம்எம் வாய்ல அதே ஒரு எம்எம் அஞ்சு கிரெய்ன்கிட்ட ஆயிரும். அதுக்காக பேனா ரீஃபில் மாதிரி பண்ணுனா மருந்து பாதியில பாலம் கட்டி நின்னுக்கும், கொட்டாது. 10ல இருந்து 14 எம்எம்முக்குள்ள வெச்சுக்கறது உத்தமம்.

உள்ள ஏறி எறங்குற பிஸ்டன் வெச்ச அட்ஜஸ்டபிள் குப்பியும் இதே கணக்குதான், 10 எம்எம் குழாய்ல பத்து கிரெய்னுக்கு ஒரு கோடு 8.25 எம்எம் தூரத்துல விழும், 12 எம்எம்னா 5.7. ஒல்லிக் குழாய்ல கோடுக எட்ட எட்ட விழும், வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அது நல்லது. பிஸ்டன் நகராம இருக்க ஒரு லாக் ஸ்குரூ, அது பித்தளையிலயே இருக்கட்டும்.

கேள்வி: எஸ்எஸ்ல, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல, பண்ணுனா துருவே புடிக்காதே, ஏன் எல்லாரும் பித்தளைங்கறாங்க? – ஒரு மாணவர், பீளமேடு

பதில்: இரும்பும் இரும்பும், இரும்பும் கல்லும் ஒரசுனா பொறி பறக்கும், பித்தளையும் செம்பும் அப்படி பறக்காது, அவ்வளவுதான் விசயம். கொம்பு, எலும்பு, மூங்கில், மரம் இதெல்லாம் பழைய ஆளுக வெச்சிருந்ததும் அதுக்குத்தான். இன்னொண்ணு, பித்தளை கடையறதுக்கு வெண்ணெய் மாதிரி, எஸ்எஸ்ல ஆழமா ஒரு ஓட்டை போட்டுப் பாரு தம்பி, அப்புறம் நீயே பித்தளைக்கு கோயில் கட்டுவ.

கேள்வி: எதுக்குங்க இத்தனை ராமாயணம்? மருந்து ரொப்பி வெச்சிருக்கற கொம்புல இருந்து நேரா குழாய்க்குள்ள கவுத்தா ஆகாதா? சினிமால எல்லாம் அப்படித்தான காட்டறாங்க. – ஒரு வாசகர், கோபி

பதில்: சினிமால கதாநாயகன் பல்லுல தோட்டாவையும் புடிக்கறாரு. ஒரு வேட்டு போட்ட பொறவு குழாய்க்குள்ள கண்ணுக்குத் தெரியாம ஒரு நெருப்புத் துணுக்கு கெடக்கும், துணியோ நாரோ அடைச்சிருந்தா அது கனிஞ்சுக்கிட்டே இருக்கும். அந்த நேரத்துல கொம்பக் கவுத்தீங்கன்னா குழாய்ல ஏறுற தீ அப்படியே கொம்புக்குள்ள போகும், கொம்புல கால் கிலோ இருந்தா கால் கிலோவும் உங்க கையிலதான். கப்புல ஊத்துனா கப்புல இருக்கறது மட்டும்தான் போகும், அதுவும் போதும் வெரல் போக, ஆனா ஆள் மிஞ்சுவாரு. அளவு சரியா இருக்கணும்ங்கறது ரெண்டாவது காரணந்தான், முதல் காரணம் இதுதான். அதனாலதான் கொட்டும்போது மூஞ்சிய குழாய் வாய்க்கு நேரா வெக்காதேன்னு சொல்றது.

இந்த புத்தி மனுசனுக்கு நெம்ப நாளைக்கு முன்னாடியே வந்திருச்சு. ஐரோப்பாவுல திரித் துப்பாக்கிக் காலத்துச் சிப்பாய்க தோள்பட்டை வார்ல சின்னச் சின்ன மரக் குப்பிகளத் தொங்க விட்டுக்கிட்டு போவாங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு வேட்டுக்கான மருந்து முன்னாடியே அளந்து வெச்சிருக்கும், பெரும்பாலும் பன்னெண்டு இருக்கும்னு அதுக்கு பன்னிரண்டு அப்போஸ்தலர்னு பட்டப் பேரு. அப்புறம் காகிதப் பொட்டலம் வந்துச்சு. 1857ல சிப்பாய்க பல்லால கடிக்க மாட்டோம்னு மறுத்தாங்களே என்ஃபீல்டு தோட்டா, கொழுப்பு தடவுனதுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சமே, அந்தக் காகிதத்துக்குள்ள இருந்ததும் அளந்து கட்டுன மருந்துதான், ரெண்டரை டிராம், நம்ம கணக்குல 68 கிரெய்ன். கடிச்சுக் கிழிச்சு மருந்த குழாய்ல கொட்டணும். அந்தத் தோட்டாவும் ஒரு தடவைக்கான அளவுக் குப்பிதாங்க, காகிதத்துல பண்ணுனது.

குண்ட உள்ளங்கையில வெச்சு அது மறையற வரைக்கும் மருந்து கொட்டுனா சரியான அளவுன்னு ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. எங்க ஊர்லயும் சொல்லுவாங்க, வெளிநாட்டு ஆளுகளும் சொல்லுவாங்க. உங்க உள்ளங்கையும் என் உள்ளங்கையும் ஒண்ணாங்க? நான் அத நம்ப மாட்டேன்.

கேள்வி: மாமா, நான்தான் அந்த அமெரிக்கா பையன், எங்க மாமா உங்களுக்கு எழுதுனத சொன்னாரு. இங்க அசல் கரிமருந்து எல்லாக் கடையிலயும் கெடைக்காது, பைரோடெக்ஸ், டிரிபிள் செவன்னு மாத்து மருந்துதான் கெடைக்குது. அதையும் 50 கிரெய்ன் நிறுத்துப் போடலாமா?

பதில்: நிறுக்கவே நிறுக்காத கண்ணு. பைரோடெக்ஸ் கரிமருந்த விட லேசானது, ஆனா கப்புக்குக் கப்பு அதே வேலை செய்யற மாதிரித்தான் பண்ணியிருக்காங்க. நீ தராசுல 50 கிரெய்ன் நிறுத்தீன்னா கப்பு பொங்கி வழியும், அளவு தாண்டிப் போயிரும். மாமா கடைஞ்ச கப்புல மொண்டு வழிச்சுப் போடு, அதுதான் சரி. டிரிபிள் செவன் சித்தே உக்கிரம், கரிமருந்து அளவுக்குச் சமமா வேகம் வேணும்னா கொள்ளளவுல 15 சதவீதம் கொறைக்கணும்னு அந்தக் கம்பெனியே சொல்லுது, அப்போ உனக்கு 42, 43ல ஒரு தனிக் கப்பு வேணும், மாமாகிட்ட இன்னொண்ணு கேளு, பித்தளை விலைக்கு அவரு மூஞ்சி எப்படி ஆகுதுன்னு பாரு. இந்தக் காலத்துத் தோட்டாவுல போடற புகையில்லா மருந்து மட்டும் எந்த அளவுலயும் இந்தத் துப்பாக்கியில போடாத, குழாய் பொளந்துரும். கப்புக்கு உள்ள எது விழுதுங்கறது கப்புக்குத் தெரியாது.

மருந்து டப்பாவுல எஃப் எழுத்து எத்தனைன்னு பாத்துக்க. ஒரு எஃப்னா பெரிய பருக்கை, ரெண்டு மூணுன்னு ஏற ஏற பொடி. பெரிய வாய்த் துப்பாக்கிக்கு ஒண்ணு ரெண்டு, சின்ன ரைஃபிளுக்கும் கைத்துப்பாக்கிக்கும் மூணு, நாலு எஃப் சக்கிமுக்கித் துப்பாக்கியோட கிண்ணத்துல பத்த வெக்க மட்டும். பொடி ஆக ஆக வேகமா எரியும், அதனால ரெண்டு எஃப்ல சரியா இருந்த கப்ப அப்படியே மூணு எஃப்புக்கு மாத்தாத. ரவையும் மைதாவும் ஒரே டம்ளர்ல அளந்தாலும் ஒண்ணாகாதுல்ல.

அப்புறம் தட்டுற விசயம். கப்ப நெறச்சுட்டு தட்டுனா மருந்து இறுகி எடம் விடும், மேல இன்னும் கொஞ்சம் ஏறும். தட்டறதுன்னா எப்பவும் தட்டு, அதே தடவை எண்ணித் தட்டு, இல்லைன்னா தட்டவே தட்டாத. எங்க ஆத்தா படி அளக்கும்போது கடன் குடுத்தா தட்டாம அளப்பாங்க, திருப்பி வாங்கும்போது படியத் தரையில ரெண்டு தட்டு தட்டுவாங்க. உனக்கு அந்த வேலை ஆகாது.

கேள்வி: வீட்லயே கரிமருந்து தயார் பண்றது எப்படிங்க? எதெது எவ்வளவு? – ஒரு வாசகர்

பதில்: கப்பு கடையச் சொல்லித் தாரேன், அத சொல்லித் தர மாட்டேன். 1884 வருசத்து வெடிபொருள் சட்டம் இன்னைக்கும் உசுரோட இருக்குது, அது ஒரு பக்கம். லைசென்ஸ் வாங்கி நடத்துற சிவகாசிப் பக்கத்து ஆலைகள்லயே மருந்து கலக்குற ரூம்ல என்னென்ன நடக்குதுன்னு பேப்பர்ல படிக்கறீங்க, நம்ம பொடக்காளியில அம்மிக் கல்ல வெச்சுக்கிட்டு அவிங்கள விட கெட்டிக்காரரா நாம? அடுத்த கேள்விக்குப் போலாம்.

கேள்வி: பர்கூர் மலையடிவாரத்துல எங்க தோட்டம் இருக்குதுங்க, அப்பாருக்கு பயிர் பாதுகாப்புக்குன்னு நாட்டுத் துப்பாக்கி லைசென்ஸ் இருந்துச்சு. அவரு போன பொறவு துப்பாக்கிய ஸ்டேசன்ல ஒப்படைச்சாச்சு. இப்போ அட்டாலிய சுத்தம் பண்ணும்போது ஒரு சாண் நீளத்துல கொம்பு ஒண்ணு கெடச்சுது, ஒரு முனையில ஓட்டை போட்டிருக்குது, உள்ள கருப்பா இருக்குது. மருந்து அளக்குறதுன்னு சித்தப்பா சொல்றாரு. வெச்சுக்கலாமுங்களா? – ஒரு வாசகி, அந்தியூர்

பதில்: அம்மிணி, மொதல்ல துப்பாக்கிய ஒப்படைச்சது நல்ல வேலை. முன்னாடி வழியா கெட்டிக்கிற துப்பாக்கிக்கு பயிர் காக்கறதுக்குன்னு லைசென்ஸ் குடுக்கலாம்னு 1959 ஆயுதச் சட்டத்துலயே எழுதியிருக்குது, ஆனா அது அப்பாரு பேருக்கு, வீட்டுக்கு இல்ல. குடகுக்காரங்களுக்கு மட்டும் அந்த லைசென்ஸே வேண்டாம்னு தனி விலக்கு உண்டு, கைல்போத்னு துப்பாக்கிக்கு பூவெச்சு கும்புடுற நோம்பியே அங்க இருக்குது, மலைக்கு இக்கட்ட இருக்கற நமக்கு அது கெடையாதுங்க. நமக்கு எலெக்சன் வந்தா துப்பாக்கிய தோள்ல போட்டுக்கிட்டு ஸ்டேசனுக்கு நடக்கறதுதான் நோம்பி. எங்க அப்பாரும் அப்படித்தான், ஒப்படைச்சுட்டு சீட்டு வாங்கி வேட்டி மடிப்புல சொருகிக்கிட்டு வருவாரு, எலெக்சன்ல யாரு ஜெயிச்சாலும் அவருக்குக் கவலை இல்ல, துப்பாக்கிய எப்ப குடுப்பாங்கங்கறதுதான் வெசனம்.

இப்போ கொம்பு. அது மாட்டுக் கொம்பா மான் கொம்பான்னு பாருங்க, மொத்த விசயமும் அதுலதான் இருக்குது. மாட்டுக் கொம்பு உள்ள இயற்கையாவே பொள்ளலா இருக்கும், சுவரு மெல்லிசா ஏடு ஏடா இருக்கும். மான் கொம்பு எலும்பு, முழுக்க கெட்டியா இருக்கும், மேல நீளவாக்குல வரி வரியா சொரசொரப்பு, நடுவுல மட்டும் பஞ்சு மாதிரி துளை துளையா தெரியும். நீங்க எழுதுனதப் பாத்தா துளைச்சுப் போட்ட ஓட்டைன்னு தெரியுது, அப்போ மான் கொம்பாத்தான் இருக்கும். வெளிநாட்டுல மான் கொம்புல அளவுக் குப்பி பண்ணுறது சர்வ சாதாரணம், வருசா வருசம் மான் உதுத்துப் போடுறத எடுத்து துளைச்சுக்குவாங்க, கைக்கு அடக்கமா அழகா இருக்கும். நம்ம நாட்டுல 1972 வனவிலங்குச் சட்டம் இருக்குது, தானா உதுந்து கெடந்த புள்ளிமான் கொம்பு, கடமான் கொம்பா இருந்தாலும் வனத்துறை குடுத்த ஓனர்ஷிப் சர்டிபிகேட் இல்லாம வீட்ல வெச்சிருந்தா கேசுதாங்க. அப்பாரு காலத்துதுன்னு சொன்னா கேக்க மாட்டாங்க. அப்பாரோட பழைய பேப்பர்கள்ல அந்த சர்டிபிகேட் இருக்குதான்னு தேடுங்க, இல்லைன்னா ஒரு மனு எழுதி ரேஞ்ச் ஆபீஸ்ல ஒப்படைச்சு கையெழுத்து வாங்கிக்குங்க. யாருக்கும் விக்காதீங்க, போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்ல போடாதீங்க, ஒறம்பரையில ஒருத்தரு ஆசையா கேட்டாலும் குடுக்காதீங்க.

மாட்டுக் கொம்பா இருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. உள்ள இருக்கற கருப்பு பழைய மருந்துத் தூள்தான், அடுப்புப் பக்கம் கொண்டு போகாம, சுரண்டாம, நெறைய தண்ணியில ஊற வெச்சு கழுவுனீங்கன்னா போயிரும், கரைஞ்ச தண்ணிய மண்ணுல ஊத்திருங்க. கொம்ப வெயில்ல காய வெக்காதீங்க, வெடிப்பு விடும், நெழல்ல காயட்டும்.

எங்க அப்பாரு வெச்சிருந்தது கொம்பும் இல்ல பித்தளையும் இல்ல, மூங்கில் கணு. ஒரு பக்கம் கணு அடைப்பு, மறு பக்கம் வாய், அளவு சரியா வர வரைக்கும் வாய அரத்தால ராவி ராவி எறக்குனாராம், கூடிப் போனா ராவலாம், கொறைஞ்சு போனா வேற மூங்கிலுக்குப் போகணும்பாரு. துப்பாக்கி போன பொறவு எங்க அம்மா அத தண்ணியில போட்டு ரெண்டு நாளு ஊற வெச்சு எடுத்து, நாத்தாங்காலுக்கு கத்திரி வெதை அளக்க வெச்சுக்கிட்டாங்க. ஒரு பாத்திக்கு ரெண்டு கணு. இப்பவும் வெதைப் பானைக்குள்ளதான் கெடக்குது.